முதல் வண்டியைத் தேர்ந்தெடுத்தது யார்?

புதிதாக பைக் ஓட்டப் பழகியவர் முதலில் எந்த வண்டியை வாங்கலாம் என்று கேட்டால் இன்று ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நண்பர்கள் ஒன்று சொல்வார்கள். தெருமுனை மெக்கானிக் வேறொன்று சொல்வார். ஷோரூமில் மாதத் தவணையைக் கணக்குப் போட்டு மூன்றாவதாக ஒன்றைக் காட்டுவார்கள். ஆனால் இந்தியாவில் இந்தக் கேள்விக்கு வயது குறைவு. சுதந்திரத்துக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு இப்படிக் கேட்பதற்கே இடமிருக்கவில்லை. எந்தத் தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசின் உரிமம் தீர்மானித்தது. அது எப்போது வீட்டுக்கு வரும் என்பதைக் காத்திருப்போர் பட்டியல் தீர்மானித்தது. வந்த வண்டியில் யார் ஏறலாம் என்பதைக் குடும்பத் தலைவர் தீர்மானித்தார். பழகுபவரின் உயரம், உடல்வலு, அனுபவம் எதையும் யாரும் கணக்கில் எடுத்ததில்லை. எடுத்திருக்க வேண்டிய சட்டமும் எடுக்கவில்லை. அப்படியிருந்தும், எண்பதுகளின் நடுவில் தொடங்கி இருபது ஆண்டுகளாவது இங்கே பழகுபவர்களின் கைக்குப் போனது அந்த வேலைக்கு மிகப் பொருத்தமான வண்டி. அதைக் கொண்டுவந்தது வீட்டின் சிக்கனம். நாம் கேலி செய்து பழகிவிட்ட ‘எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?’ என்ற கேள்விதான் சட்டம் செய்யாத வேலையைச் செய்தது. அந்தக் கேள்வியின் பிடி தளர்ந்த பிறகு அதன் இடத்தில் வேறெதையும் நாம் வைக்கவில்லை.

கற்பவருக்கென்று தனி வண்டி என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு சைக்கிளே சாட்சி. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸ் சைக்கிள்கள் தமிழ்நாட்டுத் தெருக்களில் பெருகின. அவை வளர்ந்த ஆண் ஓட்டுவதற்கும், பின்னால் மூட்டை கட்டுவதற்கும் ஏற்றவை. சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாக ஒடித்து, குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினார்கள். மணிக்கணக்கில் சின்ன சைக்கிள் வாடகைக்கு விடும் கடை இருந்த ஊர்களில் கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான். வண்டி என்பது வீட்டின் உழைப்புக்கு வாங்கப்படுவது, பழகுபவர் அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நடைமுறை. அது அப்படியே மோட்டார் வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

மோட்டார் சைக்கிளில் தமிழ்நாட்டுக்கு நெருக்கமான தொடக்கம் திருவொற்றியூர். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 350 சிசி புல்லட் இந்நாட்டுக்கு வரக் காரணம் ராணுவமும் போலீசும். சுமை தாங்கும், கரடுமுரடான பாதையில் கெட்டுப்போகாத வண்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர்களுக்காக வந்த அதே வண்டிதான் காண்டிராக்டருக்கும் மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்தது. அதை ஸ்டார்ட் செய்வதே தனிப் பாடம். சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் உறையின் மேல் இருக்கும் அம்மீட்டர் முள்ளின் மேல் கண் இருக்க வேண்டும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கால் நின்றுவிடும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறுகிய இடம் அது. முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விடுவித்து, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் உதைக்க வேண்டும். இதில் எது தப்பினாலும் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் அந்தத் தழும்போடு திரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருந்தார்கள். கியர் வலது காலுக்கு, பின் பிரேக் இடது காலுக்கு. எடை 160 கிலோவுக்கு மேல். சாய்ந்தால் தனி ஆளாக நிமிர்த்துவது எல்லோராலும் ஆகாது. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்: ஓடத் தொடங்கிவிட்டால் புல்லட் சாது. அதன் 18 குதிரைத்திறன் கனமான ஃப்ளைவீல் வழியாக நிதானமாகத்தான் சக்கரத்துக்கு வரும். பழகுபவரை அது மிரட்டியதெல்லாம் நின்ற இடத்தில்தான்.

மற்றவையும் பழகுபவரை மனதில் வைத்து வந்தவை அல்ல. செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பில் மைசூரில் ஐடியல் ஜாவா செய்த ஜாவாவிலும் பிறகு வந்த யெஸ்டியிலும் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. உள்ளே தள்ளிச் சுழற்றினால் கிக்கர், மடக்கிப் போட்டால் கியர். புதியவருக்கு இது புதிர். ஆனால் கியர் போடும்போது கிளட்ச் தானாகவே விலகும் ஏற்பாடு அதில் இருந்தது; பழகுபவர் தடுமாறும் இடமும் சரியாக அதுதான். போலந்து வண்டியின் வழிவந்து 1962இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த 175 சிசி ராஜ்தூத் பால்காரருக்கும் கிராமத்துச் சாலைக்கும் உரியதாகப் பெயரெடுத்தது. திருவொற்றியூரிலேயே கிரூஸேடர், ஷெர்பா என்று 175 சிசியில் சிறிய வண்டிகள் செய்தார்கள். இவை எல்லாம் சேர்ந்தாலும் தேவைக்கு முன் எந்த மூலைக்கு?

தேவை எவ்வளவு பெரியது என்பதை ஸ்கூட்டர் காட்டியது. ஸ்கூட்டரை யாருக்கு, எந்த வரிசையில் விற்பது என்பதற்கென்றே 1960இல் கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். பியாஜியோவுடனான ஒப்பந்தம் முடிந்த பிறகு பஜாஜ் 1972இல் கொண்டுவந்த சேத்தக்குக்குப் பணம் கட்டிப் பதிந்துவிட்டுப் பத்தாண்டுகள் வரை காத்திருந்தார்கள். வெளிநாட்டில் உறவினர் இருந்து அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டலாம். கைக்கு வந்த வண்டியை அன்றே விற்றாலும் வாங்கிய விலைக்கு மேல் கிடைக்கும். கல்லூரிக்குப் போகும் மகனுக்காகப் பதிந்த வண்டி அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு வந்து நிற்கும் நிலையில், அது அவனுக்குப் பொருத்தமா என்று ஆராய யாருக்குத் தோன்றும்? சேத்தக்கின் என்ஜின் வலப்பக்கம் தொங்குவதால் வண்டி நேராகப் போவதற்கே ஓட்டுபவர் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. சின்னச் சக்கரம் மழையில் வழுக்கும். இருந்தும் ஒரு தலைமுறை அதில்தான் பழகியது.

முதல் மாற்றம் மோட்டார் சைக்கிளிலிருந்து வரவில்லை. புனேயில் கைனடிக் 1972இல் கொண்டுவந்த லூனாவும், ஓசூரிலிருந்து 1980இல் வந்த டி.வி.எஸ். 50ம் கொண்டுவந்தன. டி.வி.எஸ். 50 இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். 50 சிசிக்குள் என்ஜின், கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை, சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். செய்தவர்கள் மனதில் இருந்தது விலையும் எரிபொருளும். வாங்கியவர்கள் மனதில் இருந்தது பால் கேன், வாழைத்தார், கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆனால் விளைந்தது வேறு. சைக்கிளுக்கும் பைக்குக்கும் நடுவே இதுவரை இல்லாத ஒரு படி உருவானது. கியர் பற்றிய கவலையில்லாமல் சாலையில் இடம் பார்த்து ஓட்டவும், பிரேக்கை அளந்து பிடிக்கவும், பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கவும் ஒருவர் அதில் பழகிக்கொள்ளலாம். சேலை கட்டிய பெண்கள் தயங்காமல் ஏறிய முதல் மோட்டார் வண்டியும் பெரும்பாலான ஊர்களில் இதுதான். பிறகு வந்த ஸ்கூட்டியும் ஆக்டிவாவும் இந்த வழியில் வந்தவை.

அடுத்தது 100 சிசி. எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிந்தைய எண்பதுகளின் தொடக்கத்தில், 100 சிசி வரையிலான இரு சக்கர வண்டிகளுக்கு அந்நியக் கூட்டுறவை அரசு அனுமதித்தது. வரிசையாக நான்கு ஜப்பானிய வண்டிகள் வந்து இறங்கின: 1984இல் இன்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டில் எஸ்கார்ட்ஸ் செய்த யமஹா ஆர்எக்ஸ் 100, 1986இல் கவாசாகி பஜாஜ் கேபி 100. நான்கில் சிடி 100 மட்டும் ஃபோர்-ஸ்ட்ரோக். லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்பதுதான் அதன் விளம்பரத்தின் உயிர்நாடி. மற்ற மூன்றோடு பார்த்தால் அது மந்தமான வண்டி, ஏழெட்டுக் குதிரைத்திறன்தான். அந்த மந்தம்தான் பழகுபவருக்கு வரமானது. பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டாலும் வண்டி பாயாது. மூன்றாவது கியரிலேயே ஸ்பீட் பிரேக்கரில் ஏறினாலும் முக்கி முனகிப் போகுமே தவிர சட்டென்று ஆஃப் ஆகாது. ஹோண்டாவின் சூப்பர் கப் வழிவந்த என்ஜின் என்பதால் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும். எடை தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் நிற்கும்போதும் திரும்பும்போதும் கைக்கு அடங்கும். சீட் தாழ்வு, இரண்டு காலும் தரையில் படும். கியர் லீவருக்கு முன்னும் பின்னும் மிதி உண்டு, செருப்புக் காலோடு போடலாம். விழுந்தால் ஒரு ஆளே தூக்கி நிறுத்தலாம், உடைந்த லீவரை எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் இதே என்ஜினுக்குப் புதுச் சட்டை போட்டது. தொண்ணூறுகளின் இறுதியில் மோட்டார் சைக்கிள் விற்பனை ஸ்கூட்டரை முந்தியதற்கு இந்த வகை வண்டிகளே முக்கியக் காரணம்.

100 சிசி என்றாலே சாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆர்எக்ஸ் 100 அதே அளவு என்ஜினில் 11 குதிரைத்திறன் கொடுத்தது. எடையோ சுமார் 100 கிலோ. அந்த டூ-ஸ்ட்ரோக் என்ஜின் ஒரு வேகம் வரை சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று விழித்துக்கொள்ளும். எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் புல்லட்டும் ஆர்எக்ஸும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒன்று நிதானமாகக் கொடுப்பதை மற்றது ஒரு உலுக்கில் கொடுக்கும். பழகுபவருக்கு வண்டி பொருத்தமா என்பதை சிசியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் சாலைகளில் இருந்ததில்லை. ஆர்எக்ஸின் சைலன்சர் சத்தத்துக்கு இன்றும் உருகுபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உருகுவதற்குக் காரணமே அந்த உலுக்கல்தான் என்றாவது ஒப்புக்கொள்வார்கள்.

சிக்கனம் எதைத் தடுத்து நிறுத்தியது என்பதை ராஜ்தூத் 350இன் கதையில் பார்க்கலாம். யமஹாவின் ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் 1983இல் இங்கே கொண்டுவந்தது. இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், 30 குதிரைத்திறன். அதுவரை இங்கே விற்ற எந்த மோட்டார் சைக்கிளும் அதன் பக்கத்தில் வர முடியாது. யமஹா முன்சக்கரத்தில் வைத்திருந்த டிஸ்க் பிரேக்கைக் கழற்றிவிட்டு இங்கே டிரம் பிரேக் வைத்தார்கள். புதிதாக ஓட்டும் ஒருவரிடம் இதைக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. தடுத்தது பெட்ரோல் பங்க். லிட்டருக்கு முப்பது கிலோமீட்டரைக்கூடத் தொடாத வண்டியை நடுத்தர வீடுகள் திரும்பிப் பார்க்கவில்லை; திறனைக் குறைத்து மைலேஜைக் கொஞ்சம் கூட்டிய இன்னொரு வடிவம் வந்தும் விற்பனை ஏறவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றது. அந்த வண்டியை இன்று போற்றுபவர்கள் இதை இந்திய ரசனையின் வறுமை என்பார்கள். அந்த வறுமை எத்தனை இளைஞர்களை அந்த வண்டியில் ஏறவிடாமல் வைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும்.

நாம் பர்ஸை நம்பியிருந்த அதே காலத்தில் பிரிட்டன் சட்டத்தின் வழியாக இதைச் செய்யப் பார்த்தது. பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் 250 சிசிக்கு மேல் ஓட்டக்கூடாது என்று 1961இல் வரம்பு வந்தது. உடனே கம்பெனிகள் அந்த வரம்புக்குள் முடிந்தவரை வேகமான வண்டியைச் செய்யத் தொடங்கின. திருவொற்றியூரின் தாய் நிறுவனமான ரெட்டிச் ராயல் என்ஃபீல்டே ஐந்து கியர் வைத்த கான்டினென்டல் ஜிடி 250ஐ அறுபதுகளின் நடுவில் கொண்டுவந்து, எல் போர்டு மாட்டிய இளைஞர்களுக்கு விற்றது. எழுபதுகளில் ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் 250கள் அந்தச் சட்டத்தைக் கேலிப்பொருளாக்கின. பதினாறு வயதினரை 1971இல் 50 சிசிக்குள் அடக்கினார்கள். 1983இல் பழகுநர் வரம்பை 125 சிசியாக இறக்கி, கூடவே 12 குதிரைத்திறன் என்ற உச்சத்தையும் வைத்தார்கள். 1990இல் சாலையில் இறங்கும் முன் அடிப்படைப் பயிற்சி கட்டாயமானது. முப்பதாண்டுத் தடுமாற்றத்தில் அவர்கள் கற்றது, அளக்க வேண்டியது என்ஜினின் கொள்ளளவை அல்ல, அது கொடுக்கும் திறனையும் வண்டியின் எடையையும்தான் என்பது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த படிநிலை உரிமத்தில் இது தெளிவாக இருக்கிறது. முதல் படிக்கு 125 சிசி, 11 கிலோவாட், அதாவது சுமார் 15 குதிரைத்திறன், எடையில் கிலோவுக்கு 0.1 கிலோவாட், இரண்டாம் படிக்கு 35 கிலோவாட். வரம்பில்லாத உரிமம் அதற்கும் மேலே.

இங்கே காற்று 2001இல் திசை மாறியது. பஜாஜ் பல்சர் 150, 180 சிசியில் வந்தது. அதன் விளம்பரம் மைலேஜைப் பேசவில்லை, ஆண்மையைப் பேசியது. வண்டி வாங்கும் முடிவு தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறியதன் அறிகுறி அது. கைமாற்றியது வங்கிக் கடன்: மொத்தப் பணத்தையும் புரட்ட வேண்டியிருந்தபோது வீட்டில் எல்லோரும் கருத்துச் சொன்னார்கள், மாதத் தவணையில் வாங்கும்போது சம்பளம் வாங்குபவர் மட்டும் சொன்னால் போதும். பிறகு நடந்ததில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கேடிஎம் டியூக். ஐரோப்பாவின் தொடக்கநிலை ஓட்டுநர்களுக்காக, அங்குள்ள 15 குதிரைத்திறன் வரம்புக்குப் பொருத்தமாக, கேடிஎம் டியூக் 125ஐ உருவாக்கியது. அதைச் செய்தது புனேக்கு அருகே சாகனில் உள்ள பஜாஜ் தொழிற்சாலை. செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இந்தியர்களுக்கு 2012 ஜனவரியில் கிடைத்தது அதே சட்டகத்தில் 200 சிசி என்ஜின் வைத்த டியூக், 25 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு 40ஐத் தாண்டிய 390. டியூக் 125 இங்கே விற்பனைக்கு வந்தது 2018 இறுதியில்தான். ஒரே தொழிற்சாலை, ஒரே குடும்பத்து வண்டி. சட்டம் இருந்த இடத்தில் பழகுபவருக்கு 15, இல்லாத இடத்தில் 25. அறுபதுகளில் ரெட்டிச்சுக்கும் திருவொற்றியூருக்கும் இடையே இருந்த அதே வேறுபாடுதான், இம்முறை சிக்கனத்தின் காவல் இல்லாமல்.

நம் சட்டத்தில் படி என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் இற்றுப்போனது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் நான்காம் பிரிவு, 50 சிசிக்கு மேற்படாத வண்டியை 16 வயதில் ஓட்ட அனுமதிக்கிறது; மற்றவற்றுக்கு 18. ஆனால் மொபெட்டே காலப்போக்கில் வளர்ந்துவிட்டது. டி.வி.எஸ். எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, இன்றைய எக்ஸ்எல் 100 சுமார் 100 சிசி. 50 சிசிக்குள் வாங்குவதற்குக் கடையில் பெட்ரோல் வண்டியே கிடையாது. படி சட்டப் புத்தகத்தில் மட்டும் நிற்கிறது. பத்தாம் பிரிவு மோட்டார் சைக்கிள் உரிமத்தை இரண்டாகப் பிரிக்கிறது, கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று. அதற்கு மேல் பிரிவில்லை. எல்.எல்.ஆர். வாங்கி, ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் உரிமம் கிடைக்கும். எட்டுக்குப் பெரும்பாலும் இரவல் வண்டிதான். வளைக்க எளிது என்பதால் 100 சிசி பைக்கைத்தான் தேடிப் பிடிப்பார்கள். மறுநாள் அதே உரிமத்தோடு 650 சிசி வாங்கினாலும் சட்டத்தில் தடையில்லை. எந்த வண்டி பழகுவதற்கு ஏற்றது என்று எட்டு போடும் அந்தப் பத்து நிமிடத்துக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அரசுக்கும் தெரியாமலில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2018இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மானியத் திட்டத்தில் விலையில் பாதி, 25,000 ரூபாய் வரை கொடுத்தார்கள். கியர் இல்லாத, 125 சிசிக்கு மிகாத வண்டியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மானியத்தில் வைக்கத் தெரிந்த வரம்பை உரிமத்தில் வைக்கவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, எங்கள் அப்பா புல்லட்டில்தானே பழகினார், அவருக்கு என்ன ஆனது என்பது. அவர் பழகிய சாலை இன்றைய சாலை அல்ல. எதிரே வந்தது மாட்டு வண்டியும் எப்போதாவது ஒரு பஸ்ஸும். அவர் புல்லட்டில் நேராக ஏறியதும் இல்லை. பல ஆண்டுகள் சைக்கிள் மிதித்த பிறகே ஏறினார். இன்னொன்று, நல்லபடியாகப் பழகியவர்கள்தான் கதை சொல்ல இருக்கிறார்கள். இரண்டாவது மறுப்பு கனமானது. பெரிய வண்டிக்கு நல்ல டயர், டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் எல்லாம் இருக்கிறது. 100 சிசி வண்டியோ ஒல்லி டயரிலும் டிரம் பிரேக்கிலும் ஓடுகிறது, ஆகவே பெரியதே பாதுகாப்பு என்கிறார்கள். உண்மைதான். ஏபிஎஸ் விதி 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும் 2019 ஏப்ரலில் எல்லா வண்டிகளுக்கும் நடைமுறைக்கு வந்தபோது 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது; அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் இணைக்கும் ஏற்பாடு போதும் என்றார்கள். ஈர ரோட்டில் முன் பிரேக்கைப் பதறிப்போய் இறுக்கிப் பிடித்துச் சக்கரத்தைப் பூட்டுவது அனுபவமில்லாதவர் செய்யும் தவறு. அதிலிருந்து காப்பாற்றும் கருவியை அனுபவமுள்ளவர் வாங்கும் வண்டிக்கு ஒதுக்கிவைத்தது விசித்திரம். ஆனால் இது சின்ன வண்டிக்கு நல்ல பிரேக் வை என்பதற்கான வாதம். பழகுபவருக்கு 40 குதிரைத்திறன் கொடு என்பதற்கான வாதமாக இதை மாற்ற முடியாது. ஐரோப்பாவில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியவர்கள் அதைக் காரணம் காட்டித் திறன் வரம்பை எடுத்துவிடவில்லை.

படிநிலை வைத்தால் ஏழைக்குத்தான் இரட்டைச் செலவு என்பது அடுத்த மறுப்பு. ஏழை ஏற்கெனவே முதல் படியில்தான் இருக்கிறார். அவருடைய ஸ்ப்ளெண்டரும் பிளாட்டினாவும் எக்ஸ்எல்லும் எந்த வரம்புக்கும் கீழேதான் வரும். வரம்பு தொடுவது மேலே தாவ நினைப்பவரை. அவருக்கும் பழைய 100 சிசி வண்டி எந்த ஊரிலும் கிடைக்கும், ஓட்டிவிட்டு விற்றால் போட்டதில் பெரும்பகுதி திரும்ப வரும். விபத்துக்குக் காரணம் சாலையும் ஹெல்மெட் போடாததும்தான், வண்டியின் திறன் அல்ல என்ற கடைசி மறுப்புக்குப் பதில் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் வந்தவர்கள் என்று ஒன்றிய அரசின் அறிக்கை சொல்கிறது. ஆனால் அந்த அட்டவணையில் எக்ஸ்எல்லும் டியூக்கும் ஒரே வரிசையில் ‘இரு சக்கர வண்டி’ என்றுதான் வருகின்றன. சாலையும் ஹெல்மெட்டும் முக்கியம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. திறனுக்குப் பங்கே இல்லை என்பவர்கள், அந்த அறிக்கையை வெளியிட்ட அமைச்சகமே 2022 ஜூனில் அறிவித்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். 75 சிசி வரை 538 ரூபாய், 150 வரை 714, 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. இழப்பீட்டு அனுபவத்தை வைத்துத்தான் இப்படிப் பிரிக்கிறார்கள். பணம் வாங்கும் இடத்தில் நான்கு படி இருக்கிறது. ஓட்ட அனுமதிக்கும் இடத்தில் கியர் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான்.